தராசுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பெட்டி

கிளிநொச்சிப் பக்கத்து நெல் ஆலைகளின் எடைமேடைகளைக் கணினியோடு இணைத்துக் கொடுப்பது என் வேலை. தராசின் சீரியல் கம்பியில் வரும் தரவைக் கணினி வலையமைப்புக்கு மாற்றித் தருவது சீரியல்-ஈதர்நெட் பெட்டி. அதை வாங்குமுன் தராசின் கையேட்டில் எந்தச் சீரியல் இணைப்பு வகை என்று பாருங்கள். ஆர்எஸ்-232 என்றால் கம்பி 15 மீற்றரைத் தாண்டக்கூடாது. பெட்டியைத் தராசருகிலேயே பொருத்துங்கள். ஆர்எஸ்-485 ஏறக்குறைய 1200 மீற்றர் வரை போகும்.

பழைய எடை மென்பொருள் கொம் போர்ட்டை, அதாவது கணினியின் சீரியல் வாயிலை, மட்டுமே அறியும். ஆகவே மெய்நிகர் கொம் போர்ட் தரும் பெட்டியையே, அதாவது வலையமைப்பு வழியே வந்தாலும் மென்பொருளுக்குக் கொம் போர்ட்டாகவே தெரியும் பெட்டியையே, கேளுங்கள்.

மின்னலை மறந்துவிடாதீர்கள். பரந்தனில் ஓர் ஐப்பசி இடிக்குப் பிறகு பெட்டியைத் திறந்தேன்: சிப்பின் நடுவே மிளகளவு துளை, சுற்றிலும் கரி. மின்காப்புப் பிரிப்பு, அதாவது இரு பக்கச் சுற்றுகளையும் நேரடி மின்தொடர்பின்றிப் பிரித்து வைக்கும் அமைப்பு, இல்லாத மலிவுப் பெட்டி அது. எடை போட முடியாமல் உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நின்றன. அன்றிலிருந்து பிரிப்பு உள்ளதையே வாங்குகிறேன். மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல புவித்தொடுப்பும் கூடவே வேண்டும்.