மலைநாட்டுக் குளிரில் உதிரி உதிரியாக பிரைட் ரைஸ்

பிரைட் ரைஸ் குழைந்து போனால் பழி தாச்சியின் மீதும் அடுப்பின் மீதும்தான் விழும். உண்மையில் அது கெடுவது சோறு வடிக்கும்போதே. நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் சமைப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளையில் சுமார் 96. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது, வேகமாக வற்றும், அவ்வளவுதான். அதனால் கொழும்பில் எழுதிய சமையல் குறிப்பின் நேரத்தை நம்பி இறக்கினால் சோற்றின் நடு வேகாமல் நிற்கும். அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வைத்தால் வெளிப்புறம் கூழாகும்.

நாலு பேருக்கு 400 கிராம் அரிசி போதும். பாஸ்மதி அல்லது கீரிச்சம்பா எடுங்கள். பச்சரிசி ஒட்டும், வேண்டாம். பாஸ்மதியை மூன்று தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். உயரத்தில் இந்த ஊறலைத் தவிர்க்கவே கூடாது. ஏற்கெனவே தண்ணீர் குடித்த அரிசிதான் குறைந்த சூட்டிலும் நடுவரை வேகும்.

பெரிய பாத்திரத்தில் மூன்று லீற்றர் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, இரண்டு அங்குல ரம்பைத் துண்டு, மூன்று ஏலக்காய். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகே அரிசியைப் போடுங்கள். ஊறிய பாஸ்மதி தாழ்நிலத்தில் ஏழெட்டு நிமிடத்தில் பதம் வரும். நுவரெலியாவில் மேலும் இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். கீரிச்சம்பாவுக்கு இதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். கடிகாரத்தைவிடப் பல்லை நம்புங்கள்: ஒரு பருக்கையைக் கடித்தால் உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அதுதான் வடிக்கும் நேரம். மிச்சத்தை அதன் சொந்தச் சூடும் தாச்சியும் பார்த்துக்கொள்ளும். ரைஸ் குக்கரில் போடுபவர்கள் வழக்கத்தைவிட அரைக் கோப்பை தண்ணீர் கூட விட்டு, பொத்தான் மேலே எழும்பிய பிறகு கால் மணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஆனால் வடித்த சோற்றின் உதிரி குக்கர் சோற்றில் வராது.

வடித்த சோற்றை அகன்ற தட்டில் ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கிளறாதீர்கள், சூட்டில் பருக்கை உடையும். ஆவி போனதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் மிக நல்லது. பெட்டி இல்லாத வீட்டில் காலையில் வடித்து மெல்லிய துணி மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் தாளித்து முடித்துவிடலாம். 'இங்கேதான் குளிராச்சே' என்று இரவு முழுவதும் சோற்றை மேசையில் விடுவது கூடாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

மரக்கறிக்கு மலையகத்தில் குறையில்லை: நடுத்தர லீக்ஸ் இரண்டு, கரட் இரண்டு, கோவா ஒரு கைப்பிடி. லீக்ஸைத் தோட்டத்தில் மண் அணைத்து வளர்ப்பதால் மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும். மேலே கழுவிப் பயனில்லை. நீளவாக்கில் பிளந்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு அடுக்காக விரித்துக் கழுவ வேண்டும். பச்சைப் பகுதியை எறிய வேண்டாம். அது சற்று நாராக இருப்பதால் மிக மெல்லியதாக அரிந்து, வெள்ளைப் பகுதியோடு கலக்காமல் தனியே வையுங்கள். கரட்டைத் தீக்குச்சி அளவில் நறுக்குங்கள். எல்லாவற்றையும் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஈர மரக்கறி போட்டால் தாச்சி சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதில் அவிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. குளிர் காலையில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். கெட்டுவிடவில்லை, சுடுதண்ணீரில் வைத்தால் இளகும். ஆனால் இந்தச் சமையலுக்கு அது சீக்கிரம் புகையும் என்பதால் மரக்கறி எண்ணெயே மேல்.

இனி அடுப்பு. வீட்டு காஸ் அடுப்பு கடை அடுப்பின் சூட்டைத் தராது. அதனால் எல்லாவற்றையும் இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு முறை செய்யுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. முதலில் மூன்று முட்டையைக் கொஞ்சம் உப்புடன் அடித்து, பொரித்துக் கொத்தி எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு பங்குக்கு: வெறும் தாச்சி இலேசாகப் புகைக்கும்வரை காய வேண்டும். எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, நறுக்கிய வெள்ளைப்பூண்டு மூன்று பல், கொஞ்சம் இஞ்சி. பதினைந்து விநாடிதான், சிவந்தால் கசக்கும். உடனே கரட், ஒரு நிமிடம். லீக்ஸின் பச்சை, அரை நிமிடம். வெள்ளையும் கோவாவும், இன்னொரு நிமிடம். இந்தக் கட்டத்தில் உப்புப் போட்டால் மரக்கறி தண்ணீர் விடும், பொறுங்கள்.

கட்டியாக இருக்கும் சோற்றை நனைத்த கையால் உதிர்த்துப் போட்டுப் பரப்பி, அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிச்சோறு சூடு பிடித்ததும் புரட்டுங்கள், மீண்டும் விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. சோயா சோஸ் அரை மேசைக்கரண்டியைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தாச்சியின் ஓரத்தில் சுற்றி விடுங்கள். சுட்ட இரும்பில் பட்டுப் பொரிந்து அந்தக் கடை வாசம் வரும். கடைசியாக முட்டை, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி பட்டர். உப்பு பார்த்துச் சேருங்கள், சோற்றிலும் சோஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. சூப் கியூப் உதிர்த்துப் போடுவதென்றால் உப்பே வேண்டாம். கோழி சேர்ப்பவர்கள் அவித்துப் பிய்த்ததை முட்டையோடு சேர்த்தால் போதும்.

பக்கத்தில் மிளகாய் பேஸ்ட் இல்லாவிட்டால் சாப்பாடு பாதிதான். செத்தல் மிளகாய் இருபதை விதை நீக்கி, சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, எட்டுப் பல் வெள்ளைப்பூண்டுடன் அரையுங்கள். அரைக் கோப்பை எண்ணெயில் பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் பத்தைச் சிறு தீயில் பொன்னிறமாக்கி, அரைத்ததைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை எட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு. வினாகிரி விடும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், காரம் ஏறிய ஆவி கண்ணைப் பதம் பார்க்கும். மாசி பிடித்தவர்கள் இரண்டு தேக்கரண்டி இடித்துச் சேர்க்கலாம். கறுத்தால் தீ அதிகம் என்று அர்த்தம், அந்தக் கசப்பைச் சீனி மறைக்காது. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த பொருள் வெளியில் இருக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பரிமாறும் தட்டுகளைச் சுடுதண்ணீரில் அலசித் துடைத்துவிட்டுச் சோற்றைப் போடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பீங்கான் தட்டு பனிபோலச் சில்லிட்டுக் கிடக்கும், அதில் போட்டால் ஐந்து நிமிடத்தில் பட்டர் உறைந்துவிடும்.