மறைந்த போர் விமானிக்கு விருது கேட்பது: மனுவுக்கு முன் செய்ய வேண்டியவை

1965 செப்டம்பர் 7, இந்திய-பாகிஸ்தான் போர். பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் போன இந்திய மிஸ்டேர் விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. அதை ஓட்டிய ஸ்க்வாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா 'காணாமல் போனவர்' என்று பதிவானார். அன்று விழுந்த பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தை வீழ்த்தியது அவர்தான் என்ற செய்தி, அந்த நாட்டுத் தரப்புத் தகவல்களோடு 1979-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில்தான் இருந்தது. போர்க்கால வீர விருதுகளில் இரண்டாவதான மகாவீர் சக்ரா 1988-இல் வந்தது. 23 ஆண்டு தாமதத்துக்குக் காரணம் அவர் வீரத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததல்ல. நடந்ததைச் சொல்ல நம் பக்கம் ஆளில்லை, காகிதமும் இல்லை.

குடும்பத்தார் எழுதும் மனுக்களில் பெரும்பாலானவை இதைத்தான் தவறவிடுகின்றன. 'அஞ்சா நெஞ்சர்', 'நாட்டுக்காக உயிர் நீத்தவர்' என்று நான்கு பக்கம் இருக்கும். எந்த நாள், எந்த விமானம், எத்தனை மணி என்பது இருக்காது. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குப் பின்னவைதான் வேண்டும்.

முதலில் கேட்கத் தகுதி உண்டா என்று பாருங்கள். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும்படி வைக்கப்பட்டவை. இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் பறந்தவருக்கு இவற்றைக் கேட்டால் மனு முதல் மேசையிலேயே நின்றுவிடும். அவருக்கு நினைவுச் சின்னம், படைப்பிரிவு வரலாற்றில் இடம் என்று கேட்பதுதான் வழி. அடுத்து, ஏற்கெனவே ஏதாவது கிடைத்திருக்கிறதா என்று அரசிதழிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் தேடுங்கள். பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தென்னிந்தியப் பெயர்களின் இனிஷியல் இடம் மாறிக் கிடப்பது சகஜம். சர்வீஸ் எண் கையில் இருந்தால் பெயர்க் குழப்பமே வராது.

வீட்டில் இருக்கும் ஆவணங்களில் விலைமதிப்பற்றது பறப்பு லாக்புக். தேதி, விமான வகை, விமான எண், பணி, பறந்த நேரம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மாதக் கடைசியில் மேலதிகாரியின் கையெழுத்தும் இருக்கும். அந்தக் கையெழுத்து உள்ள பக்கத்தை விட்டுவிட்டுச் சண்டை நாளின் பக்கத்தை மட்டும் நகலெடுத்து இணைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் டைரி. அட்டை முதல் அட்டை வரை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், லேமினேட் செய்யாதீர்கள், மூலத்தை யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். விமான எண்ணில் எழுத்தையும் சேர்த்துக் குறியுங்கள்: நாட் விமானம் என்றால் பெரும்பாலும் ஐ.இ., ஹன்டர் என்றால் பெரும்பாலும் பி.ஏ. எழுத்துக்கும் வகைக்கும் பொருந்தாவிட்டால் எங்கோ படியெடுத்தவர் தவறியிருக்கலாம், சரிபாருங்கள்.

விமானியே திரும்பாத பறப்பு என்றால், லாக்புக்கில் அது அவர் கையால் ஏறியிருக்காது. அங்கே ஸ்க்வாட்ரனின் (அவர் இருந்த விமான அணியின்) செயல்பாட்டுப் பதிவேடுதான் கை கொடுக்கும். திரும்பி வந்தவர் என்றால், விமானத்தின் பராமரிப்புப் பதிவான 'எஃப் 700' சேதத்தைச் சொல்லலாம்; சுடும்போது தானாகப் பதியும் துப்பாக்கிக் கேமரா படம் மிஞ்சியிருந்தால் அது கோப்பையே தூக்கி நிறுத்தும்.

இவை அரசிடம் இருப்பவை. 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கொள்கைப்படி போர்ப் பதிவுகள் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். போர் நாட்குறிப்புகளும் செயல்பாட்டுப் பதிவேடுகளும் அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குப் போக வேண்டும். எனவே ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவை விமானப்படைத் தலைமையகத்துக்கு ஒன்று, அமைச்சகத்துக்கு ஒன்று என இரண்டாகப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனு 500 சொல்லுக்குள் இருக்கட்டும். 'ஏன் விருது தரவில்லை' என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

'இன்ன ஸ்க்வாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேட்டில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான பக்கங்களின் சான்றிட்ட நகல்.'

தனிநபர் தகவல் என்று மறுத்தால், சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டுங்கள்: 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுக்கு அந்த விலக்கு நிற்காது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு என்ற விலக்கு 20 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். அப்படி மறுத்தால் ரகசியமான வரிகளை மறைத்துவிட்டு மீதியைக் கேளுங்கள், 10-ஆவது பிரிவு அதற்குத்தான். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், மத்திய தகவல் ஆணையத்துக்கு 90 நாள். இந்தத் தேதிகளைத் தவறவிட்டுப் புலம்புவோர் ஏராளம்.

எதிர்த்தரப்புப் பதிவு இல்லாமல் 'இத்தனை விமானம் வீழ்த்தினார்' என்று எழுதவே வேண்டாம். வான்சண்டையில் இரண்டு பேர் ஒரே விமானத்தைச் சுட்டு இருவரும் தனித்தனியே கணக்கில் சேர்ப்பது எல்லா நாட்டிலும் நடந்தது. புகை விட்டபடி தாழ்ந்தது பத்திரமாக இறங்கியும் இருக்கும். பாகிஸ்தான் தரப்பில் வெளியான நூல்களில் அன்றைய இழப்பு, இடம், விமானியின் பெயர் மூன்றையும் தேடுங்கள். நேரத்தை ஒப்பிடும்போது கவனம்: மேற்குப் பாகிஸ்தானின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால், 1971-இல் கிழக்கில் அரை மணி முன்னால். நம் பதிவில் காலை 6.10 என்றால் அவர்களுடைய மேற்குப் பதிவில் 5.40. இதைக் கவனிக்காமல் 'நேரம் பொருந்தவில்லை' என்று நல்ல சான்றைக் கைவிட்டவர்களும் உண்டு, வேறொரு சண்டையை இதோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. எதிரிப் பதிவு உங்கள் கணக்கைக் குறைத்தால் குறைந்ததையே எழுதுங்கள். ஒரு விமானம் உறுதியாக நின்றால் போதும்.

1965, 1971 போர்களில் உடன் பறந்தவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். காகித வேலையை நிறுத்திவிட்டுக்கூட அவர்களை முதலில் பாருங்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். எங்கிருந்து, எவ்வளவு தூரத்தில், தன் கண்ணால் என்ன பார்த்தார் என்பது ஒரு பத்தியில். தரையிறங்கிய பின் மெஸ்ஸில் (அதிகாரிகள் உணவகத்தில்) கேள்விப்பட்டது தனிப் பத்தியில். இரண்டும் கலந்தால் முதலாவதும் கெடும். அன்றைய கட்டளை அதிகாரியோ தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரோ இருந்தால், அவர் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம் பத்து உறவினர் கடிதங்களுக்கு மேல்.

மனு இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் கேட்பது என்ன. பிறகு மணி வாரியாக அந்த நாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இணைப்பு எண். தனித்தாளில், அரசிதழில் வரும் விருதுக் குறிப்பின் நடையில் ஒரு வரைவு. பெயரோடு அன்றைய பதவியை எழுதுங்கள், பின்னால் கிடைத்த பதவி உயர்வை அல்ல. புதுதில்லி வாயு பவனில் உள்ள தலைமையகத்துக்கு அனுப்பி, நகலை அமைச்சகத்தின் விழாப் பிரிவுக்கு அனுப்புங்கள். தலைமையகம் ஏற்றால் அது அமைச்சகத்தின் விருதுக் குழு வழியாக மேலே போய்க் குடியரசுத் தலைவர் ஒப்புதலில் முடியும்.

மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் அமர்வு உண்டு. இறந்தவரின் வாரிசுகளும் போகலாம், இறுதி ஆணையிலிருந்து 6 மாதத்துக்குள். ஆனால் எந்த விருதுக்குத் தகுதி என்று தீர்ப்பாயம் எடைபோடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சான்றைப் பார்த்தார்களா, முறைப்படி நடந்தார்களா என்பதே அங்கே எடுபடும். ஆகவே வழக்கறிஞரைப் பார்க்கும் முன் இன்னொரு 10 ரூபாய் செலவழித்து, உங்கள் மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். இணைப்புகளை யாராவது திறந்து பார்த்தார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.