ஊரில் நிலம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய்வரும் எங்களில் பலருக்கு, குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பும்போது, தாத்தா பிறந்த மண்ணில் நம் பெயரிலும் ஒரு துண்டு நிலம் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. ஆசை நியாயமானதுதான். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், இந்தியச் சட்டம் உங்களை எந்த வகையில் சேர்த்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

என் அத்தை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில், ஊரிலிருந்த பங்காளி ஒருவரின் பெயரில் ஓர் ஏக்கர் வாங்கினார். பிஸ்கட் டின்னில் பிளாஸ்டிக் பையோடு பத்திரப்படுத்தியிருந்த பட்டா நகலை ஒரு நாள் என்னிடம் காட்டினார். புல எண், உட்பிரிவு, ஹெக்டேர் கணக்கு எல்லாம் இருந்தன. பரப்பு ‘புன்செய்’ (புஞ்சை விளைநிலம்) என்ற கட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர் இடத்தில் அத்தையின் பெயர் இல்லை. பங்காளி காலமான பிறகு, அவருடைய பிள்ளைகள் அது தங்கள் அப்பாவின் நிலம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அத்தையால் எதுவும் செய்ய முடியவில்லை.

நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் மலேசியக் குடிமகன், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ (Overseas Citizenship of India) அட்டை இல்லாமல் இங்கேயே வசித்துக்கொண்டு இந்தியாவில் வீடோ மனையோ விலைக்கு வாங்க முடியாது. ஓசிஐ அட்டை இருந்தால் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, கடை, அங்கீகாரம் பெற்ற வீட்டுமனை ஆகியவற்றை வாங்கலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு இந்தியக் கடவுச்சீட்டையும் புதுப்பித்துவரும் பெரியவர்கள் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர்கள். அவர்களுக்கும் இதே வரம்புதான். வயலை உறவினர் பெயரில் வாங்கிவைத்தால் அது பினாமி ஆகிவிடும். 2016-இல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி சொத்தே பறிமுதல் செய்யப்படலாம். ஓராண்டு முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் உண்டு.

வாரிசுரிமை மட்டும் வேறு. ஊரிலேயே வாழ்ந்து மறைந்த பெரியப்பாவின் வயல் முறைப்படி உங்களுக்கு வந்து சேர்ந்தால், அதை வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்குத்தான் விற்க முடியும். ஆகவே, புதிதாக நிலம் தேடுவதற்கு முன், பழைய கூட்டுப் பட்டாவில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

ஓசிஐ எடுத்தால் நீல ஐசி பறிபோய்விடும் என்று அஞ்சுகிறவர்களை எங்கள் டவுனில் இன்றும் பார்க்கிறேன். பெயரில் ‘குடியுரிமை’ என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாக்குரிமை இல்லாத, ஆயுள் முழுதும் செல்லும் ஒரு விசா மட்டுமே. இந்திய வம்சாவளியினருக்கு முன்பு தரப்பட்ட பிஐஓ அட்டை 2015 ஜனவரியில் இதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. உண்மையான சிக்கல், பூர்வீகத்தை நிரூபிப்பதில்தான் இருக்கிறது. தாத்தாவின் பழைய கடவுச்சீட்டு, பிறந்த ஊர் குறிக்கப்பட்ட அடையாள அட்டை, உங்கள் தலைமுறை வரையிலான சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) அத்தனையும் ஒரே சங்கிலியாகப் பொருந்த வேண்டும். ஒரு பெயரின் எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி எழும். எத்தனையாவது தலைமுறை வரை தகுதி உண்டு என்பதைக் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

வாங்கத் தகுதி இருந்தால், வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ‘பிளாட்’ (வீட்டுமனை) என்று சொல்லி விற்கப்படும் இடம் பட்டாவில் இன்னும் புன்செய்யாகவே இருக்கலாம். நகர் ஊரமைப்பு அங்கீகார எண்ணைக் கேளுங்கள். பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். ரிங்கிட் நோட்டாகக் கொடுப்பது விதிமீறல். அடிக்கடி போக முடியாதவர்கள், தங்களுக்காக வேறொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்பலாம். அது இந்தியா சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். விற்கும் அதிகாரத்தை அதில் எழுதாதீர்கள்.

வாடகைக்குத் தங்க நினைப்பவர்களுக்கு இத்தனை தடை இல்லை. ஓசிஐ இல்லாத வெளிநாட்டவரும் ஐந்து ஆண்டுகள் வரை ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றிக் குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் விசா அனுமதிக்கும் நாட்கள் வரைதான் தங்க முடியும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் இன்னும் உண்டு. சட்டத்தைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள்.

உங்கள் வீட்டை நீங்களே வாடகைக்கு விடுவதானால், குடியிருப்பவர் வாடகையில் 30 விழுக்காடும் அதற்கு மேல் செஸ் வரியும் பிடித்து அரசுக்குக் கட்டிய பிறகுதான் மிச்சத்தை உங்கள் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான இந்திய ரூபாய் வங்கிக் கணக்கு) போட வேண்டும். அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெற பான் (இந்திய வருமானவரி) எண்ணோடு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.