சங்கீதங்களும் வரப்போகும் ராஜ்யமும்: தியானம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தின் சங்கீதம் ஒன்றை வைத்துத் தியானம் (வசனத்தை விளக்கும் சிறு கட்டுரை) எழுதுவது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். வசனம் மனப்பாடமாக இருக்கிறது, ஆறுதலும் அதிலேயே இருக்கிறது, முடிவில் ஒரு ஜெபத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது. தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றி எழுத உட்காரும்போது இந்தப் பழக்கமே காலை வாரிவிடும். சங்கீதங்களில் ராஜ்யம் என்றால் கர்த்தர் பூமி முழுவதையும் நீதியாய் ஆளுவது. தனி ஒருவரின் மனச்சமாதானத்துக்கும் அதற்குள் இடம் உண்டு. ஆனால் அந்தச் சமாதானத்தையே ராஜ்யம் என்று எழுதிவிடுகிறோம். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இப்படிச் சுருக்குவதால் வருபவை.

பாதி வசனம்

"நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" (சங்கீதம் 46:10). அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கச் சொல்லும் அழைப்பாகவே இது எழுதப்படுகிறது. ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கள். கர்த்தர் பூமியின் கடைமுனைமட்டும் யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார், வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார், இரதங்களைச் சுட்டெரிக்கிறார். "அமர்ந்திருங்கள்" என்ற கட்டளை விழுவது கொந்தளிக்கிற ஜாதிகள் நடுவில். வசனத்தின் மீதிப் பாதியும் அதைத்தான் சொல்கிறது: "ஜாதிகளுக்குள்ளே உயர்ந்திருப்பேன், பூமியிலே உயர்ந்திருப்பேன்." இந்தப் பாதியை விட்டால் ராஜா தன் ராஜ்யத்தைப் பற்றிப் பேசிய பேச்சு நம் ஓய்வு நேரத்துக்கான ஆலோசனையாகிவிடும்.

சங்கீதம் 91-இல் இது இன்னும் ஆபத்தானது. தேவாலயத்து உப்பரிகையின்மேல் பிசாசு இயேசுவிடம் எடுத்துக்காட்டியது இதன் 11, 12 வசனங்களைத்தான் (மத்தேயு 4:6). அப்படிச் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டான். அடுத்த வசனம் சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பதைச் சொல்கிறது, அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டான். ஆபத்தே வராது என்ற உத்தரவாதமாக 91-ஐ எழுதுகிறவர்கள் 15-ஆம் வசனம்வரை போவதில்லை. "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று அங்கே இருக்கிறது. ஆபத்து வரும் என்பதை வைத்துக்கொண்டே அந்த வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது.

சங்கீதம் 37:4-க்கும் இதே கதிதான். "இருதயத்தின் வேண்டுதல்களை" அருள்செய்வார் என்பதை எடுத்து வேலை, கல்யாணம், வீடு என்று நிரப்பிவிடுகிறோம். அந்தச் சங்கீதத்தின் வேண்டுதல் என்ன என்பதை அதுவே 9, 11, 22, 29, 34 ஆகிய வசனங்களில் ஐந்து முறை சொல்கிறது: கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் பூமியைச் சுதந்தரிப்பார்கள். பொல்லாதவன் செழிக்கும் ஊரில் சாந்தமாயிருந்து ஏமாந்தவனுக்குச் சொல்லப்பட்ட வாக்கு அது. மலைப்பிரசங்கத்தில் இயேசு எடுத்ததும் அந்த வரியைத்தான் (மத்தேயு 5:5).

ராஜ்யம் என்றால் செத்தபின் பரலோகம் போவது என்று எழுதுகிறவர்களும் 37-ஐ ஒருமுறை முழுதாக வாசிப்பது நல்லது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற ஜெபத்தில் வருவது ராஜ்யம்தான், அதுவும் பூமிக்கு.

அந்த ராஜா யார்?

2, 72, 110 போன்ற ராஜ சங்கீதங்களில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ராஜா என்ற சொல்லைக் கண்டதும் நேரே இயேசுவிடம் தாவிவிடுவது ஒன்று. பழைய அரண்மனைப் பாட்டு என்று ஒதுக்கிவிட்டு நல்ல தலைவருக்கான குணங்களைப் பட்டியல் போடுவது மற்றொன்று.

72-ஐ எடுத்துக்கொள்வோம். தலைப்பில் சாலொமோன் பெயர் இருக்கிறது. ராஜா என்ன செய்வார்? ஏழையின் பிள்ளைகளை இரட்சிப்பார், இடுக்கண்செய்கிறவனை நொறுக்குவார், கூப்பிடுகிற எளியவனை விடுவிப்பார், சமுத்திரந்தொடங்கி மறுசமுத்திரம்வரைக்கும் அரசாளுவார். இனி 1 இராஜாக்கள் 12:4-ஐப் பாருங்கள். சாலொமோன் இறந்ததும் ஜனங்கள் அவன் மகனிடம் வந்து வைத்த முதல் முறையீடே, உம்முடைய தகப்பன் எங்கள் நுகத்தைப் பாரமாக்கினார் என்பதுதான். பாட்டு கேட்ட ராஜா சிங்காசனத்தில் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியைக் காட்டிய பிறகு இயேசுவிடம் வந்தால் வாசகருக்கு ஏன் வந்தோம் என்று புரியும். தாவி வந்தால் வெறும் பட்டம் சூட்டியதாக மட்டும் இருக்கும்.

ஒவ்வொரு வரியையும் இயேசுவின் வாயில் வைப்பதும் கூடாது. எபிரெயர் 10:5-7 சங்கீதம் 40-இன் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களைக் கிறிஸ்துவின் வார்த்தையாகத் தருகிறது. அதே சங்கீதம் 12-ஆம் வசனத்தில் "என் அக்கிரமங்கள் என்னைத் தொடர்ந்து பிடித்தது" என்கிறது. 69-உம் அப்படியே. 9-ஆம் வசனத்தை யோவான் 2:17 இயேசுவுக்குச் சொல்கிறது, 5-ஆம் வசனமோ குற்றங்களை அறிக்கையிடுகிறது. புதிய ஏற்பாடு எடுத்த வரிகளை உறுதியாகச் சொல்லுங்கள். மற்ற வரிகளில் முதலில் பாடியவர் பாடட்டும்.

வரிசையைப் பார்க்காமல் விடுவது

150 சங்கீதங்கள் ஐந்து புத்தகங்களாகக் கட்டப்பட்டிருக்கின்றன: 1–41, 42–72, 73–89, 90–106, 107–150. ராஜ்யத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இது வெறும் தகவல் அல்ல. மூன்றாம் புத்தகம் 89-இல் முடிகிறது. முதல் 37 வசனங்கள் தாவீதுக்குக் கொடுத்த நித்திய உடன்படிக்கையைக் கொண்டாடுகின்றன. 38-இல் எல்லாம் தலைகீழாகிறது. கிரீடம் தரையிலே தள்ளப்பட்டது, சிங்காசனம் கவிழ்ந்தது, "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

பக்கத்தைத் திருப்பினால் மோசேயின் ஜெபம், சங்கீதம் 90. இஸ்ரவேலில் ராஜா என்று ஒருவரும் இல்லாத காலத்துக்குப் போய் நிற்கிறோம். அங்கிருந்து சில பக்கங்களில் 93, 97, 99 ஆகிய மூன்றும் ஒரே முழக்கத்தோடு தொடங்குகின்றன: கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார். தாவீதின் சிங்காசனம் விழுந்த இடத்தில் இந்த முழக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் 93-ஐ மட்டும் எடுத்து எழுதினால் அது வெற்றி பெற்றவர்களின் கொண்டாட்டமாகத் தோன்றும். 89-ஐ முதலில் வாசித்தவருக்கு அது அழுகைக்குப் பின் வந்த அறிக்கை. எந்தச் சங்கீதத்தை எடுத்தாலும் முன்னும் பின்னும் ஒவ்வொன்று வாசிக்கச் சொல்வது இதற்குத்தான்.

புலம்பலை ஓட்டிவிடுவது

13-ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள். முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு சொல்லும் இல்லை, சத்துரு அங்கேயேதான் இருக்கிறான். நாம் எழுதும் தியானத்தில் புலம்பலுக்கு இரண்டு வரி, மிச்சம் முழுவதும் "ஆனாலும் கர்த்தர் நல்லவர்". சங்கீதத்தின் அளவையே பின்பற்றுங்கள்: மூன்றில் இரண்டு பங்கு முறையீட்டுக்கு. 88-இலோ திருப்பமே கிடையாது. முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு கடைசிவரை இருள்தான். அதற்கு நாமாக ஒரு நல்ல முடிவை ஒட்டுவது சங்கீதத்தைத் திருத்துவதாகும்.

இது ராஜ்யத்தோடு நேரடியாகச் சேர்ந்தது. "எதுவரைக்கும்" என்று கேட்கிறவர் ராஜா இன்னும் வந்து சரிசெய்யவில்லை என்று முறையிடுகிறார். வெளிப்படுத்தல் 6:10-இல் இரத்தசாட்சிகளும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். புலம்பலை வெட்டினால் எதிர்பார்ப்பும் கூடவே போய்விடும்.

நியாயத்தீர்ப்பை மிரட்டலாக மட்டும் எழுதுவது

"அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார்" என்று 96-உம் 98-உம் முடிகின்றன. அதைக் கேட்டு யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். வானங்கள் மகிழ்கின்றன, சமுத்திரம் முழங்குகிறது, காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன, ஆறுகள் கைகொட்டுகின்றன. நியாயம் கிடைக்காமல் கிடந்தவனுக்கு நியாயாதிபதி வருகிறார் என்பது நல்ல செய்தி. 82:3 சொல்லும் நியாயமும் ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் செய்கிற நியாயமே. அதற்காகப் பயத்தை அடியோடு எடுத்துவிடவும் கூடாது, "உமது அடியேனை நியாயந்தீர்க்கப் பிரவேசியாதேயும்" என்று 143:2 கெஞ்சுகிறது. இரண்டையும் ஒரே தியானத்தில் திணிக்க வேண்டாம். எடுத்த சங்கீதம் எதைப் பேசுகிறதோ அதை எழுதினால் போதும்.

சத்துருக்களைச் சபிக்கும் வரிகளுக்கும் இதே பதில்தான். 109-ஐயும் 137:9-ஐயும் ஒளிக்கவோ, பிடிக்காதவர்மேல் திருப்பவோ வேண்டாம். பாடுகிறவர் பழிவாங்குதலைத் தன் கையில் எடுக்காமல் தேவனிடம் ஒப்படைக்கிறார் என்பதைக் காட்டி, ரோமர் 12:19-க்குக் கொண்டுவாருங்கள்.

நாள் குறிப்பதும் நாடு குறிப்பதும்

தேவனுக்கு ஆயிரம் வருஷம் நேற்றுக் கழிந்த நாள்போல என்பது 90:4. ஆயுசு எழுபது, பெலத்தின் மிகுதியால் எண்பது என்பது 90:10. இவ்விரண்டையும் கூட்டிப் பெருக்கிக் கிறிஸ்துவின் வருகையின் வருஷத்தைக் கண்டுபிடிப்பது ஒரு பெரிய தொழிலாகவே ஆகிவிட்டது. அந்தச் சங்கீதம் நாட்களை எண்ணச் சொல்வது உண்மைதான், ஆனால் அவை நம் நாட்கள், ஞான இருதயம் உண்டாவதற்காக (90:12). அந்த நாளைப் பிதா தவிர ஒருவனும் அறியான் என்று மாற்கு 13:32 சொன்ன பிறகு கணக்குப் போட என்ன மிச்சம் இருக்கிறது?

எல்லாம் வந்தாயிற்று என்று எழுதுவது இதற்கு நேர் எதிரான தவறு. எபிரெயர் 2:8 இங்கே நல்ல மாதிரி. சங்கீதம் 8-ஐ எடுத்து மனுஷனுக்குச் சகலமும் கீழ்ப்படுத்தப்பட்டது என்று சொல்லிவிட்டு, "இன்னும் அவனுக்குச் சகலமும் கீழ்ப்பட்டிருக்கக் காணோம்" என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வசனத்தில் இயேசுவைக் காண்கிறோம் என்கிறது. ராஜ்யத்தைப் பற்றிய எந்தத் தியானத்துக்கும் இந்த மூன்று படிகள் பொருந்தும்.

நாடுகள் விஷயத்தில் 83-ஆம் சங்கீதம்தான் அதிகம் அடிபடுகிறது. அதில் வரும் ஏதோம், மோவாப், பெலிஸ்தர், தீரு, அசீரியா முதலான பத்துப் பெயர்களையும் இன்றைய வரைபடத்தில் வைத்து, வரப்போகும் யுத்தத்தின் அட்டவணை என்கிறார்கள். 16-ஆம் வசனம் அவர்கள் கண்ணில் படுவதில்லை: "அவர்கள் உமது நாமத்தைத் தேடும்படிக்கு." நான்கு சங்கீதங்கள் தள்ளி 87-இல் அதே பெலிஸ்தரும் தீருவும், கூடவே பாபிலோனும், சீயோனில் பிறந்தவர்கள் என்று பேர் எழுதப்படுகிறார்கள். சத்துருவின் பட்டியலில் இருந்தவர்கள் ராஜ்யத்தின் பதிவேட்டில்! 83-ஐ எழுதுகிறவர் 87-ஐ எழுதாமல் விடக்கூடாது.

எழுத உட்காரும்போது

முழுச் சங்கீதத்தையும் இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். நடுத்தரமான சங்கீதத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. பிறகு ஓரத்தில் குறியுங்கள்: பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், எந்த வசனத்தில் ஆள் மாறுகிறது. 2-ஆம் சங்கீதத்தின் பன்னிரண்டு வசனங்களில் ஜாதிகள், கர்த்தர், அபிஷேகம்பண்ணப்பட்டவர், பாடகர் என்று நான்கு குரல் கேட்கும். இதைப் பிரிக்காதவர்தான் "நீர் என்னுடைய குமாரன்" என்பதை நேரே வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். புதிய ஏற்பாட்டில் எங்கே எடுத்தாளப்பட்டது என்பதை ஒத்துவாக்கியத்தில் (இணை வசனங்களைக் காட்டும் குறிப்புகளில்) தேடுங்கள். அதன் பிறகே கர்த்தர் இங்கே எதை ஆளுகிறார், எதை இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். அது வராவிட்டால் தியானம் எழுதும் நேரம் வரவில்லை.

400 முதல் 500 சொற்கள் போதும். துணை வசனங்கள் மூன்றைத் தாண்டினால் வாசகர் சங்கீதத்தைவிட்டு வெளியே போய்விடுவார். முடிவு ஜெபத்தைச் சங்கீதத்தின் விண்ணப்பத்திலிருந்தே எடுங்கள். 72-ஐ எழுதிவிட்டு "இந்த நாளை ஆசீர்வதியும்" என்று முடித்தால் எளியவன் நடுவழியில் விடப்படுகிறான்.

சங்கீத எண்ணிலும் வசன எண்ணிலும் கவனம் வேண்டும். கிரேக்க, இலத்தீன் வழி வந்த பதிப்புகளில் 9, 10 ஆகிய சங்கீதங்கள் ஒன்றாக எண்ணப்படுவதால் 23-ஆம் சங்கீதம் அங்கே 22 ஆகிறது. பெரும்பாலான சங்கீதங்களுக்கு இப்படி ஓர் எண் குறையும், 148 முதல் மறுபடி ஒத்துப்போகும். எபிரெய முறையில் தலைப்பும் வசனமாக எண்ணப்படுவதுண்டு, அப்போது 51:10 என்பது 51:12 ஆகிவிடும். எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்று முதல் மேற்கோளுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.