பச்சைத் தோல் எத்தனை கலோரி தரும்? கணக்குப் போடும் முறை

மனிதத் தோலில் பச்சையம் இருந்தால் சோறு வேண்டாமா? பழைய செய்தித்தாளும் கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே கணக்குப் போடலாம்.

முதலில் பரப்பு. தோல் மொத்தம் சுமார் 1.7 சதுர மீட்டர். அதை அப்படியே எடுக்கக் கூடாது. வெயில் ஒரு பக்கத்தில்தான் விழும். செய்தித்தாளை விரித்து மல்லாந்து படுங்கள். வேறொருவர் உடம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடட்டும். உள்ளே 10 செ.மீ. கட்டங்கள் வரைந்து எண்ணுங்கள். விளிம்பில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை முழுதாகச் சேர்க்கலாம். 100 கட்டம் ஒரு சதுர மீட்டர். பெரும்பாலும் 60, 70 கட்டம் வரும். தாராளமாக 0.7 என்று வைப்போம்.

அடுத்து வெயில். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சராசரியாக 5 யூனிட் விழுகிறது; மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி. ஆக 0.7 × 5 × 860 = 3010.

இதில் எவ்வளவு உணவாகும்? பலரும் சறுக்குவது இங்கேதான். சோலார் பேனலின் 20 சதவீதத்தைப் போடாதீர்கள். வெயிலில் ஏறக்குறைய பாதியைத்தான் இலை பயன்படுத்த முடியும். அதிலும் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். நெல், கோதுமை வகைப் பயிர்களுக்குக் கோட்பாட்டு உச்சமே 4.6 சதவீதம். வயலில் 1 சதவீதம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். விடை: 30 கிலோ கலோரி. ஒரு இட்லிகூட இல்லை. உச்சத்தையே எட்டினாலும் 138தான்.

தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். 2000 கிலோ கலோரிக்கு 46 சதுர மீட்டர், அதாவது 500 சதுர அடி இலைப்பரப்பு வேண்டும். உங்களுக்கு 7000 வந்தால், முழுத் தோலையும் நண்பகல் வெயிலையும் 24 மணி நேரத்தையும் பேனல் சதவீதத்தையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறீர்கள்.

சாப்பாட்டுக்காக இந்த வழி உதவாது. ஆக்சிஜனுக்காக என்றால் யோசிக்கலாம். 5 கிலோ கலோரி சேமிப்புக்கு ஒரு லிட்டர் என்று மாற்றுங்கள்: 30-க்கு 6 லிட்டர். சும்மா இருக்கும் உடம்புக்கு அது 24 நிமிடம்தான் வரும். ஆனால் ரத்தம் போகாத சிறு திசுவுக்கு ஒரு பங்கு கிடைத்தாலும் பெரிது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ரத்தக்குழாய் அடைபட்ட எலி இதயத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவைச் செலுத்தி ஒளி பாய்ச்சினார்கள், ஆக்சிஜன் கூடியது. 2024-இல் டோக்கியோவில் சச்சிஹிரோ மட்சுனாகா குழு, சிவப்புப் பாசியின் பசுங்கணிகங்களை (ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்புகளை) ஹாம்ஸ்டர் செல்லுக்குள் வைத்தது. இரண்டு நாள் வேலை செய்தன, பிறகு சிதைந்தன. பசுங்கணிகத்தைப் பழுதுபார்க்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கான மரபணுக்கள் தாவர உட்கருவில் இருக்கின்றன. விலங்கு செல்லில் அவை கிடையாது. முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுதான்.