சதகுப்பைக் கீரைக் கூட்டு: மணம் போகாமல், வயிற்றுக்கு இதமாக

சதகுப்பைக் கீரையை (ஆங்கிலத்தில் dill) சென்னையில் தேட வேண்டியிருக்கும். பெங்களூரு சந்தையில் கன்னடத்தில் சப்சிகே சொப்பு என்று கேட்டால் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஆயுர்வேதம் சொல்லும் சதபுஷ்பா இந்தச் செடிதான். லேசானது, உஷ்ணமானது, வாத கபத்தைத் தணிக்கும், பித்தத்தைக் கூட்டும். அதனால்தான் துணைக்குக் குளிர்ச்சியான பாசிப்பருப்பு. துவரம்பருப்பிலும் ருசி வரும், ஆனால் வயிற்று உப்புசத்துக்காகச் செய்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

தேவை: பாசிப்பருப்பு அரை கப், நறுக்கிய கீரை ஒன்றரை கப், நெய் 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, துருவிய இஞ்சி அரை தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு.

1. பருப்பை மஞ்சள்தூளோடு குழைய வேகவைத்துக் கடைந்துகொள்ளுங்கள்.

2. கீரையை அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, கையால் அள்ளி எடுங்கள். தண்ணீரோடு கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையிலேயே விழும். மூன்று முறை அலசுங்கள். தடித்த தண்டு நார், வேகாது. கிள்ளினால் ஒடிகிற தண்டு மட்டும் போதும். ஈரம் வடிந்த பிறகு கத்தியால் நறுக்குங்கள். கயிறு இழுக்கும் சாப்பர் வேண்டாம், இலை நசுங்கிக் கறுத்துவிடும்.

3. நெய்யில் சீரகம், பெருங்காயம், இஞ்சி தாளியுங்கள்.

4. பலருக்கும் கெடுவது இங்கேதான். கீரையைப் பருப்போடு குக்கரில் போட்டு விசில் விட்டால் மணம் ஆவியோடு போய், பழுப்பு நிறமும் வைக்கோல் வாசமும்தான் மிஞ்சும். இதன் மணம் முழுக்கச் சூட்டில் பறந்துவிடும் எண்ணெயில் இருக்கிறது. எனவே தாளிப்பில் கீரையைப் போட்டு, மிதமான தீயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். சுருண்டதும் பருப்பு, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள்.

மதியம், சுடுசோற்றில் நெய் விட்டுச் சாப்பிடுவதே நல்லது. இரவுக்கு என்றால் அளவைக் குறையுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இஞ்சியையும் மிளகையும் விட்டுவிடலாம். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கஷாயம் வைத்தியர் சொல்லாமல் கூடாது.

பின்சேர்க்கை: வாசம் தூக்கலாக இருக்கிறது என்பவர்கள் முதல் முறை பாதிக்குப் பாதி பாலக்கீரை கலக்கலாம். கீரை கிடைக்காதபோது சதகுப்பை விதை போடலாமா? போடலாம், ஆனால் அது வேறு ருசி, ஓமத்துக்குப் பக்கத்தில் வரும்; அரை தேக்கரண்டிக்கு மேல் போனால் கசக்கும். மீந்த கீரைக் கட்டை அலசாமல், ஈரமில்லாத துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் இரண்டே நாளில் வழவழத்துவிடும்.