கிராம மண்டபத்தில் எண்பதாவது பிறந்தநாள் தேநீர் விருந்து

இங்கிலாந்துக் கிராமங்களில் இந்த விருந்து பெரும்பாலும் ஊர்ப் பொது மண்டபத்தில்தான் நடக்கும். பிற்பகல் 3 மணி விருந்துக்கு 1 மணியிலிருந்தே வாடகைக்கு எடுங்கள்.

முதல் வேலை தண்ணீர். 20 லிட்டர் கொதிகலன் கொதிக்க முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். அதே எக்ஸ்டென்ஷன் ஒயரில் கெட்டிலையும் செருகினால் ஃபியூஸ் போய்விடும். கொதிகலனுக்குச் சுவர் பிளக்கைத் தனியாக விடுங்கள்.

40 பேருக்கு 800 கிராம் ரொட்டி நான்கு போதும். ஒரு ரொட்டியில் ஏறத்தாழ 20 துண்டுகள், பத்து சாண்ட்விச், நாலாக வெட்டினால் 40. ஆளுக்கு நான்கு வரும். சாண்ட்விச்சுக்குள் வைக்கும் வெள்ளரிக்காயை உப்பிட்டுக் கால் மணி நேரம் வடியவிட்டுத் துடைக்க வேண்டும். வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் ரொட்டி நசநசத்துவிடும்.

உட்காரும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மடக்கு நாற்காலியிலிருந்து எழ முதியவர்கள் திணறுவார்கள். கைப்பிடி உள்ளவற்றைத் தேடிப்பிடித்து, கழிப்பறைக்குப் போகும் வழியருகே போடுங்கள். வெறுந்தரை மண்டபத்தில் எதிரொலி அதிகம். காதுக்கருவி அணிந்தவர்களுக்குப் பேச்சே புரியாது. மேசைவிரிப்பு போட்டால் கொஞ்சம் அடங்கும். பேச்சு நேரத்தில் பாட்டை முழுதாக நிறுத்துங்கள். பிறந்தநாள்காரருக்கே ஒன்றும் கேட்காமல் போவது பெரிய கொடுமை.

மது இலவசமென்றால் உரிமம் தேவையில்லை. விற்பதானால், மண்டபத்துக்கு உரிமம் இல்லாதபோது, மாவட்டக் கவுன்சிலுக்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்பே தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்க வேண்டும்; கட்டணம் 21 பவுண்டு.